ஐந்து நாள் கணக்கு

மே மாதம், இரண்டாம் சனி, இரவு எட்டேகால்.
கோத்தகிரி கேபிள் ஆபீஸ் மாடியில்
ஃபயர்வால் பெட்டியின் விசிறி
ஏற்றத்தில் முதல் கியர் போட்ட லாரி மாதிரி இழுக்கிறது.
ஜன்னலைத் திறந்து வைத்தேன்.
இந்த ஊரில் அதுதான் ஏசி.
மூடுபனி உள்ளே வந்து
கேபிள் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டது.

காட்டேஜ் காட்டேஜாகப் பதினோராயிரம் போன்.
வெளியே போக எங்களிடம் இருப்பதோ ஒரே முகவரி.
ஒவ்வொருவர் சொந்தப் பேரையும் கழற்றி வைத்துக்கொண்டு
இந்தப் பேரில் போ, இந்தக் கதவில் திரும்பி வா என்று
பெட்டிதான் அனுப்புகிறது.
யாருக்கு எந்தக் கதவு என்பது
அதன் பேரேட்டுக்கு மட்டுமே தெரியும்.

எனக்கு இது புதிதல்ல.
எங்கள் லயத்தில் நாற்பத்திரண்டு வீடு.
ஆதார் அட்டை, கூரியர், கோர்ட் சம்மன்
எல்லாம் எஸ்டேட் ஆபீஸ் வாசலில்தான் இறங்கும்.
கிளார்க் அருமைநாதன் லீவு போட்டால்
அந்த வாரம் எங்களில் யாருக்கும் யாரும் எழுதவில்லை.

எட்டு நாற்பதுக்குப் பேரேடு நிரம்பியது.
அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் கதவிலும் ஆள்.
உள்ளே இருப்பவர்கள் படம் பார்த்தபடி இருக்க,
புதிதாகத் தட்டுகிறவர்களை
இல்லை என்றுகூடச் சொல்லாமல் கைவிடுகிறது.
போன் வந்தபடியே இருந்தது:
கோடெல்லாம் ஃபுல்லா காட்டுது மேடம்,
ஆனா ஒண்ணும் வரமாட்டேங்குது.

பேரேட்டைத் திறந்து பார்த்தேன்.
பாதிப் பேர் ஊரிலேயே இல்லை.
வியாழக்கிழமை அறையைக் காலி செய்து
இந்நேரம் ஈரோட்டில்
ஸ்வெட்டரைத் துவைத்துக் காயப்போட்டவர்கள்
இங்கே இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.
விடைபெறாமல் போனவருக்காக ஐந்து நாள் காத்திரு என்று
யாரோ எங்கோ எழுதிவைத்த கணக்கு.
யார் அந்த நம்பிக்கைக்காரன், தெரியவில்லை.

நான் அதை அரை மணியாக்கினேன்.
அதற்கு மேல் வாய் திறக்காத எதையும்
உதறிவிடச் சொன்னேன்.
இரண்டு வரி. என்டர்.
அறுபத்தைந்து, நாற்பது, இருபத்தொன்று என்று
ஆயிரங்கள் சரிந்தன.
விசிறி மூச்சு வாங்கி அடங்கியது.
டீ போட்டுக் குடித்தேன், சர்க்கரை கூடுதலாக.

பதினொன்றரைக்கு மசணன் கூப்பிட்டார்,
குஞ்சப்பனைப் பக்கம் வனத்துறை வாட்சர்.
பலா பழுத்த வளைவு.
கம்பத்து மெஷினுக்கு உசுரு இருக்கா அம்மா?
ஆனை ரோட்டுல நிக்குது. போர்டு எரியவே இல்ல.

அந்தக் கம்பம்
பத்து நாளில் எட்டு நாள் பேசாது,
சொல்ல ஒன்றும் இல்லாததால்.
ஒரு கதவைப் பிடித்துவைத்துக்கொண்டு
அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.
செத்ததும் சும்மா இருப்பதும்
பேரேட்டில் ஒரே மாதிரிதான் தெரியும்.

இன்றைக்குப் பேசியிருக்கிறது.
பத்து ஐம்பத்திரண்டுக்கு ஒரு பாக்கெட்.
பத்து ஐம்பத்து மூன்றுக்கு இன்னொன்று.
பிறகு வரிசையாக ஏழு.
முன்பின் தெரியாத குரல் என்று
ஒவ்வொன்றையும் கைவிட்டிருந்தது பெட்டி,
நான் சொல்லிக்கொடுத்தபடி.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஒரு வேனின் பக்கக் கண்ணாடி மட்டும்.
வளைவுக்கு இரண்டு பக்கமும் நூறு வண்டி
விளக்கை அணைத்துக்கொண்டு நின்றதாம்.
தின்று முடித்து, அவசரமில்லாமல்,
தானாகவே சரிவில் இறங்கிப் போனதாம்.
பேச்சின் நடுவே மசணன் இருமினார்.
என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

விதிகளின் உச்சியில், எல்லாவற்றுக்கும் முன்னால்,
கம்பத்துக்கு ஒரு வரி எழுதினேன்:
இதற்குக் கணக்கில்லை.
பிறகும் கை வரவில்லை, எழுந்து போக.
மிச்சமிருக்கும் இருபதாயிரத்தில்
போனவர் யார், வாய் திறக்காமல் காத்திருப்பவர் யார்?
அரை மணியை ஆறு மணியாக்கினேன்.

விசிறி மறுபடி இழுக்க ஆரம்பித்திருக்கிறது.
இழுக்கட்டும்.
ஜன்னல் திறந்தேதான் இருக்கிறது.